ரொட்டிக்கும் ஜாமுக்கும் ஒரு புத்தகம்

சன்னா கையைக் கழுவி, துண்டில் துடைத்த பிறகுதான் புத்தகங்களைத் தொட்டாள். வேலையை விட்டு ஏழு மாதமாகியும் பழக்கம் போகவில்லை என்று ஹெஸ்டருக்குத் தோன்றியது. கொஞ்சம் தைரியம் வந்தது.

வீட்டைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. தெருவில் நாலு பேரிடம் சன்னா வீடு எது என்று ஹெஸ்டர் கேட்டாள். அப்படி யாருமே இங்கே இல்லை என்றார்கள். தன் மலைப் பண்ணையில் முப்பத்தோரு வருஷம் சமைத்தவள், முட்டி வலிக்காரி என்று சொன்ன பிறகே ஒருத்தி கை காட்டினாள்.

"மூணுல எது நல்லதுன்னு நீ சொல்லு. சனிக்கிழமை கண்காட்சி" என்றாள் ஹெஸ்டர்.

"நீங்களே பண்ணப் போறீங்களாம்மா?"

"வேற யாரு இருக்கா? போன வாரம் பார்த்த ஞாபகத்துல பண்ணினேன். ரொட்டி பொங்கி வந்துச்சு, அடுப்புல வச்சதும் படுத்துடுச்சு. ஜாம் தண்ணியா ஓடுது."

"நாய்க்குப் போட்டீங்களா?"

"போட்டேன். மோந்து பார்த்துட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு."

சன்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹெஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பது வருஷமாக ரொட்டிக்கும் பீச் ஜாமுக்கும் முதல் பரிசு அவளுக்குத்தான். செய்தது சன்னா, பரிசு அட்டையில் இருந்த பெயர் திருமதி ஹெஸ்டர் ஃபூரி. கணவர் போன பிறகு அந்த ஊரில் அவளிடம் மிச்சமிருந்தது அந்த அட்டைகள்தான்.

"நீயே அளவைச் சொல்லிடேன், சன்னா."

"அளவெல்லாம் என் கைக்குத்தாம்மா தெரியும். கையை வெட்டியா குடுக்க முடியும்?"

அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. சன்னா எழுந்து போய் ஒன்றை நசுக்கிப் பார்த்தாள்.

"காலையில வச்சது, இன்னும் கல்லு மாதிரி இருக்கு. இந்த மலை மேல தண்ணி கொதிக்கும், வேக வைக்காது. என் தங்கச்சி கடலோரத்துல இருக்கா. அங்க ராணி மாதிரி சமைப்பா. இங்க வந்து அடுப்பைத் தொட்டா எல்லாத்தையும் கெடுத்துடுவா."

ஹெஸ்டர் அதைக் காதில் வாங்கவில்லை. புத்தகங்களை மேசையில் வரிசையாக வைத்தாள். ஒன்று தடித்த வெளிநாட்டுப் புத்தகம். இன்னொன்று உள்ளூர்ச் சபைப் பெண்கள் சேர்ந்து போட்டது. பக்கமெல்லாம் வெண்ணெய்க் கறை. மூன்றாவது புத்தம் புதிது, கடலோர ஊரில் போட்டது, அட்டையில் கடலும் கலங்கரை விளக்கமும்.

சன்னாவின் கை கறை படிந்த புத்தகத்துக்குத்தான் போனது. பிரித்தாள். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மெதுவாகப் பிரித்துப் படித்தாள், தலையை ஆட்டினாள்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா? நான்தான் படிச்சுக் காட்டணும்னு நெனச்சேன்."

"தெரியும்மா. நீங்க கேட்டதில்லையே."

ஹெஸ்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு ராத்திரித் தூக்கமே போச்சு, சன்னா. வெள்ளைக்காரங்க மட்டும்னு இருந்ததை மாத்தி, இந்த வருஷத்துலேருந்து யார் வேணா கலந்துக்கலாம்னு ஆக்கிட்டாங்க. ரொட்டி, ஜாம் ரெண்டுலயும் எனக்கு எதிரா ஒரே ஒருத்தி பேரு குடுத்திருக்கா. உங்க ஆளுங்கதான், இந்தக் குடியிருப்புலேருந்து. பட்டியல்ல பார்த்தேன். நொம்... நொம்பு... என்ன எழவோ, நாக்குல நுழையாத பேரு. அந்த மாதிரி ஒரு பேரைப் பரிசு அட்டையில எழுதினா நல்லாவா இருக்கும்? நீயே சொல்லு."

சன்னாவின் விரல் வரியில் நின்றது. பிறகு அந்தப் புத்தகத்தை மூடித் தள்ளி வைத்தாள். அட்டையில் கடல் இருந்ததை எடுத்தாள்.

"இதை வச்சுப் பண்ணுங்கம்மா."

"இதையா? சமைச்சுப் பழகின புஸ்தகத்துலதான் கறை இருக்கும்னு சொல்லுவாங்களே."

"எவளோ வழிய விட்டதும் கறைதாம்மா. இதைப் பாருங்க, எல்லாம் கிராம் கணக்கு. ஜாமுக்கு எவ்வளவு சூடு வரணும்னு எண்ணே போட்டிருக்கு. மாவு எத்தனை நிமிஷம் பொங்கணும்னும் இருக்கு. வெப்பமானி இருக்கா வீட்டுல?"

"வாங்கிட்டேன்."

"அப்ப என்ன கவலை? எண்ணைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்யுங்க. உங்க யோசனைன்னு எதையும் சேர்க்காதீங்க."

ஹெஸ்டர் சன்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அந்தக் கை சூடாக இருந்தது, திருப்பிப் பிடிக்கவில்லை.

கார் வரைக்கும் சன்னா கூடவே வந்தாள். முட்டி வலியோடு, கல் பாதையில், ஒவ்வொரு அடியாக. ஹெஸ்டர் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி கதவைத் திறந்தாள். மனசு இன்னும் ஆறவில்லை.

"அந்தப் பொம்பளை உங்க தெருதான்னு சொன்னாங்க. உனக்குத் தெரிஞ்சவளா? எப்படிப் பண்ணுவா?"

"சுமாராப் பண்ணுவாம்மா."

"சனிக்கிழமை எதிர்ல நின்னா கூப்பிட்டுப் பேசணுமே. அவ பேரை எப்படித்தான் சொல்றது?"

"நொம்புயிசெலோ" என்றாள் சன்னா.

ஹெஸ்டர் சொல்லிப் பார்த்தாள். பாதியில் நாக்குப் புரண்டது.

"உனக்கு மட்டும் எவ்வளவு சுலபமா வருது!"

"வராம? சன்னா நீங்க வச்சது. இது என் பேருதானேம்மா."