சொட்டு மருந்தும் தொடர்கதையும்

"என்ரை மகனுக்கு உந்தச் சொட்டு மருந்து வேண்டாம், மிஸ்ஸி."

குருநகர்க் கோயில் மண்டப வாசலிலேயே இராசாத்தி குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனடி பிள்ளை? போலியோ வந்தால் கால் சூம்பிப் போகும். மருந்து குடுக்கவெண்டு இண்டைக்கு மட்டும்தான் ஆமியும் இயக்கமும் சண்டையை நிப்பாட்டியிருக்கினம்," என்றாள் தாதி யோசப்பின்.

"நீங்கள் பேப்பரிலை வாற தொடர்கதை வாசிக்கிறேல்லையோ? அதிலையும் ஒரு டொக்டர் உப்பிடித்தான் மருந்தெண்டு குடுத்து, பிள்ளையளின்ரை பரம்பரை அலகோ மரபணுவோ என்னவோ, அதைக் களவாய் மாத்திறான். சிமியோன் எண்ட பொடியன் இப்ப தாயையே ஆரெண்டு மட்டுக்கட்டேலாமல் கிடக்கிறான்."

"அது கட்டுக்கதையடி!"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

யோசப்பின் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வேறை பேரிலை அதை எழுதிறதே நான்தான்."

இராசாத்தி அவளைக் கிட்ட நெருங்கினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்ப, சிமியோன் கடைசியிலை பிழைப்பானோ? அவன் பிழைச்சால் இவனுக்கும் மருந்தைக் குடுங்கோ."

"பிழைப்பான்."

குழந்தையின் வாயில் மருந்து விழுந்தது.

வேலை முடிந்ததும் யோசப்பின் சைக்கிளில் அச்சகத்துக்குப் பறந்தாள். சிமியோன் செத்துப்போகும் கடைசி அத்தியாயத்தை அவள் நேற்றே அங்கே கொடுத்திருந்தாள்.