கூட்டுப் பாலிசி

“தேதியை மறக்கிறவன் வக்கீலே இல்லை, ஹம்ஸா,” என்றார் பராங்குசம். கோல் மார்க்கெட் பக்கத்து வக்கீல் அலுவலகங்களையெல்லாம் ஒன்று சேர்த்து, தொழிலில் நேரும் தவறுகளுக்காகக் கூட்டு இன்ஷூரன்ஸ் எடுக்க வைத்தவர் அவர்தான். அன்றிலிருந்து ரிப்பன் வெட்ட வந்தவர் மாதிரியே நடமாடினார்.

எதிரே நின்ற இளம் வக்கீல் ஹம்ஸா உட்காரவில்லை.

“அப்பீல் தேதியை விட்டது என் தப்புதான் சார். கட்சிக்காரர் நஷ்டஈடு கேட்டு என் மேல கேஸ் போட்டுட்டார். ஆனா என்னை நட்டாத்துல விட்டது இன்னொரு வக்கீல். அவரும் ஒரு தேதியை மறந்துட்டார்.”

“அரே, அந்த ஆள் மேல நீ கேஸ் போடும்மா!”

“பெரிய மனுஷர் சார். பாவமா இருக்கு.”

“பாவம் பார்த்தா நீ தெருவுக்கு வந்துடுவே. வீட்டை ஜப்தி பண்ற வரைக்கும் விடாதே. இன்ஷூரன்ஸ் இருந்தா கம்பெனிக்காரன் கொடுத்துட்டுப் போறான்.”

“அவருக்கு இன்ஷூரன்ஸ் இல்லை சார்.”

“இந்தக் காலத்துல இன்ஷூரன்ஸ் இல்லாத வக்கீலா? அச்சா, அப்போ செத்தான்!” வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஹம்ஸா சிரிக்காமல், அவர் பெயருக்கே எழுதிய வக்கீல் நோட்டீஸை மேஜைமேல் வைத்தாள். கதவுக்கு வெளியே மற்ற வக்கீல்கள் சத்தமில்லாமல் வந்து நின்றிருந்தார்கள்.

“நம்ம கூட்டுப் பாலிசியைப் புதுப்பிக்கிற கெடு போன மாசமே முடிஞ்சு போச்சு சார். எல்லார் சார்பிலும் நானே பார்த்துக்கறேன்னு சொன்னது நீங்கதான்.”

பராங்குசத்தின் கை தானாக டெலிபோனுக்குப் போயிற்று.

“இரு, இரு. என் இன்ஷூரன்ஸ்காரன்கிட்ட முதல்ல பேசிடறேன்.”

“உங்களுக்கும் அதே பாலிசிதான் சார்,” என்றாள் ஹம்ஸா.