துவக்குக் கடை மாப்பிள்ளை

சிறீஸ்கந்தராசா கடை மேசையில் கிடந்த ரிவோல்வரைத் தூக்கித் தாரகனின் வெள்ளைச் சட்டைக்கு நேரே பிடித்தார்.

"என்ரை மகளை மறக்கிறதுக்கு உனக்கு என்ன வேணும்? சொல்லு."

தாரகன் குழலின் நுனியை இரண்டு விரலால் மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டான். "உள்ளுக்குக் குண்டு இல்லை மாமா. எண்டாலும் ஆளுக்கு நேரை பிடிக்கக் கூடாது."

"ஆர் உனக்கு மாமா? அங்கிள் எண்டு சொல்லு."

மகள் கஜந்தி ஃபோனில் சொன்னது, "அவர் ஓல்போர்க்கிலை ஒரு கடை வைச்சிருக்கிறார் அப்பா" என்று மட்டும்தான். அது துப்பாக்கி செய்து விற்கிற துவக்குக் கடை என்பதை, ஊர்ச் செய்தி காவுவதையே தொழிலாகக் கொண்ட தேவராசா கோயிலில் வைத்துச் சொன்னார். மறுநாளே சிறீஸ்கந்தராசா, டென்மார்க்கில் தான் குடியிருக்கும் ரண்டர்ஸ் நகரத்திலிருந்து ஓல்போர்க்குக்கு பஸ் ஏறிவிட்டார்.

பிள்ளை எஞ்ஜினியர் படித்தவள். இதே ஓல்போர்க்கில் ஏதோ நுண்கருவி செய்யும் இடத்தில் வேலை என்று அவர் கோயில் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். இன்றைக்கே இந்தப் பேச்சை வெட்டிவிடாவிட்டால் அந்தக் கோயிலுக்குள் எந்த முகத்தோடு போவது?

"துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தனாங்கள். நீ இஞ்சை இருந்து துவக்குச் செய்து விக்கிறாய். வெக்கமில்லை?"

"இது சுடுற கழகங்களிலை குறி பாக்கிறவைக்குச் செய்யிறது அங்கிள். லைசென்ஸ் இல்லாத ஆக்கள் தொடவும் ஏலாது. நீங்கள் இப்ப வைச்சிருக்கிறதே பிழை."

"கதையாதை! என்ரை பரம்பரையிலை கொல்லன் பட்டறைக்கு ஆர் பொம்பிளை குடுத்தவை?"

அவரே வாழ்நாள் முழுக்க ரண்டர்ஸ் தொழிற்சாலையொன்றில் இரும்பு கடைந்துவிட்டு ஓய்வு பெற்றவர்தான். ஆனால் அது வேறு. அது பென்சன் உள்ள இரும்பு.

அவருடைய கண் இப்போது தாரகனின் கைகளில் விழுந்தது. நகத்துக்குள் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

"கையைப் பார், பாங்கிலை காசு எண்ணுறவன்ரை கை மாதிரி. வெள்ளைச் சட்டை வேறை! கொல்லன்தான் கொல்லன், வேலை செய்யிற கொல்லனாவது கிடைச்சுதோ எண்டால் அதுவும் இல்லை."

"அங்கிள், ஒரு விசயம் நான் உங்களுக்கு..."

"கதையாதை எண்டனான்!"

ரிவோல்வரை மேசையில் எறிவதுபோல வைக்கத்தான் போனார். ஆனால் இரும்போடு பழகிய கை சும்மா இருக்குமா? குண்டு போடும் உருளையைப் பெருவிரலால் ஒருக்கால் அமத்திப் பார்த்தது. மயிரளவும் ஆடவில்லை.

'ம்' என்றார். துவக்கைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். உருளைக்கும் குழலுக்கும் நடுவில் நூல்போல ஒரு கீறு வெளிச்சம். உருளையை ஒவ்வொரு குண்டறையாகத் திருப்பினார், கீறு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திருகாணிகளின் வெட்டுகள்கூட எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

எங்கேயாவது ஒரு பிழை அகப்படாதா என்று மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். அகப்பட்டது!

"இதென்ன, மரப்பிடி கோணல்? இதுக்கும் காசு வாங்குவியளோ?"

"வாங்கப்போற டெனிஷ் கிழவருக்குப் பெருவிரல் மடங்காது அங்கிள். அவரின்ரை கையை மெழுகிலை அச்செடுத்து, அதுக்குத் தக்கதாய்ச் செதுக்கினது."

சிறீஸ்கந்தராசா தன் பெருவிரலை நீட்டி விறைப்பாக வைத்துக்கொண்டு பிடியைப் பற்றினார். வழுக்காமல், உறுத்தாமல் உள்ளங்கைக்குள் வந்து குந்திக்கொண்டது. அவருக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை காலம் இரும்போடு கிடந்தும், இப்படி ஒரு சாமான் அவர் கையால் வந்ததில்லை.

பின்னறையில் டெனிஷ் வானொலி பெரிதாகப் பாடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளும் அரம் உரசும் சத்தம் கேட்டது. அவர் காதைக் கொடுத்தார்.

"இழுவையைக் கேள்! முக்காமல் முனகாமல் ஒரே சீராய்ப் போகுது. இந்தத் துவக்கு உள்ளுக்கு நிக்கிற உவன் செய்ததுதானே? உன்ரை வேலை இல்லையே?"

"ஓம் அங்கிள், நான் செய்யேல்லை. கணக்கும் கவுண்டரும்தான் நான்."

"எனக்கு உள்ளுக்கு வரேக்கையே தெரியும். ஒருத்தன் உள்ளுக்குக் கிடந்து முறியிறான், நீ இஸ்திரி போட்ட சட்டையோடை கல்லாவிலை குந்தியிருக்கிறாய். தூ!"

தாரகன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை அடக்குகிறான்போலவும் இருந்தது, அது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"சிரிக்கிறியோ? அப்ப கேள். உள்ளுக்கு நிக்கிறவன் டெனிஷ்காரனோ, போலந்துக்காரனோ, என்ன சாதியோ, எனக்குத் தேவையில்லை. உப்பிடி ஒரு கைக்கெண்டால் கண்ணை மூடிக்கொண்டு என்ரை பிள்ளையைக் குடுப்பன். உனக்கில்லை! கூப்பிடு அந்த ஆளை. கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லாமல் நான் போகமாட்டன்."

தாரகன் எழுந்துபோய்ப் பின்னறைக் கதவைத் தட்டினான். அரச் சத்தம் நின்றது.

"கஜந்தி, அப்பா கூப்பிடுறார்!"