பெட்டி மட்டும் போதும்

“பெட்டிய மட்டுமா தூக்கிட்டுப் போயிருக்கான்?” தேவபிரசாதம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

“ஆமா அண்ணாச்சி. மேசை மேல என் செயின் கெடந்துச்சு. அதைத் தொடல. டி.வி.க்குக் கீழ இருந்த ரெக்கார்டரை மட்டும் வயரைப் பிடுங்கி எடுத்துட்டுப் போயிட்டான்.”

“கேமரா?”

“நாலும் நல்லாத்தான் இருக்கு. பெட்டி மட்டும் போதும்.”

தேவபிரசாதம் தூத்துக்குடியில் கண்காணிப்புக் கேமராக் கடை வைத்து வெகுகாலம் ஆகிறது. திருட்டுக் கொடுத்த வீட்டுக்காரர்கள் பலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து புலம்பியிருக்கிறார்கள். ஆனால் இப்போது எதிரே இருந்த டெல்பினைப் போல நாற்காலி நுனியில் யாரும் உட்கார்ந்ததில்லை.

“செயினை விட்டுட்டுப் போறவன் என்ன திருடன்மா?”

“அவன் திருட வரல அண்ணாச்சி. என்னைக் கொல்ல வந்திருக்கான்.” குரலைத் தாழ்த்தினாள். “காலையில அடுப்படிக்குப் போறேன், ஒரே கேஸ் நாத்தம். டியூப்பைக் கத்தியால கீறி வச்சிருக்கான். லைட்டு சுவிட்சுக்குக் கையைக் கொண்டு போயிட்டேன். தஸ்நேவிஸ் மாதாதான் தடுத்தா. போன மாசம் கேமரா எட்டாத பின்கேட்டுல கரண்டு வயரைச் சுத்தி வச்சிருந்தான். நான் தொட வேண்டியது. நாய் முந்திக்கிட்டுது.”

“பிழைச்சுதா?”

“கேட்டுக்குப் பக்கத்துலயே பொதைச்சேன் அண்ணாச்சி.”

“போலீசுல சொன்னியா?”

“‘கதவு உடையல, பூட்டு உடையல, நீதான் தாழ்ப்பாள் போட மறந்திருப்ப’ன்னு என்னையே குறை சொல்லுதாவ. யாரு மேல சந்தேகம்னு கேக்காவ. நான் யாரைச் சொல்ல? ஆளு மூஞ்சி தெரியுத மாதிரி வீடியோ கொண்டான்னு அனுப்பிட்டாவ. அடுத்த தடவை நான் தப்ப மாட்டேன் அண்ணாச்சி. அதுக்குள்ள அவன் யாருன்னு தெரியணும்.”

“மில்லர்புரத்துல அவ்வளவு பெரிய வீட்டுல ஏன் ஒத்தையில கெடக்க? வித்துட்டு ஒரு பிளாட்டுக்குப் போயிரலாம்லா?”

“எங்க வீட்டுல அவியளும் போன வருஷம் போன்ல அதைத்தான் சொன்னாவ. எங்க அம்மா என் பேருக்கு எழுதி வச்ச வீடு. முடியாதுன்னுட்டேன். கொஞ்ச நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாவ. இப்ப அந்தப் பேச்சே எடுக்கதில்ல.”

போன் அடித்தது. “பஹ்ரைன்லேருந்து அவியதான்,” என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏளா, கடைக்குப் போயிட்டியா?” கணவன் ஆன்றோவின் குரல் பதறியது. “காசைப் பாக்காத, நல்லதா வாங்கு. அண்ணாச்சி பக்கத்துல இருக்காவளா? அண்ணாச்சி, நான் இங்கன கெடந்து தவிக்கேன். கம்பெனியில லீவு தர மாட்டேங்கான். நீங்கதான் பாத்துச் செய்யணும்.”

“நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி. நீங்க கவலைப்படாதிய தம்பி.”

போனை வைத்ததும், “தங்கமான மாப்பிள்ளை,” என்றபடி தேவபிரசாதம் மேசையில் இருந்த இரண்டு ரெக்கார்டர்களைத் தட்டிக் காட்டினார். “ரெண்டுமே ஒரு மாசத்துக்குப் பதிவை வச்சிருக்கும். ரெண்டுமே போட்டோவை வச்சு ஆளைத் தேடும். இது சல்லிசு. இது விலை கூட.”

“மூஞ்சிய மூடிட்டு வந்தான்னா?”

“வீட்டுக்குள்ள மூடிட்டு வருவான். அதுக்கு முன்னால தெருவுல நின்னு நோட்டம் பாத்திருப்பாம்லா? அங்க பிடிச்சிரலாம்.”

“எந்தப் பெட்டி நல்லதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அதுக்கு எங்கிட்ட ஒரு பரீட்சை இருக்கு.” தேவபிரசாதம் உற்சாகமானார். “ரெண்டுலயும் என் கடை வாசல் கேமராதான் ஓடுது. ரோட்டுல போறவன் வாரவன் எல்லாம் இதுக்குள்ள இருக்கான். ஊர்லயே இல்லாத ஆளு போட்டோ ஒண்ணு குடு. நல்ல மெஷின்னா ‘இல்ல’ன்னு சொல்லணும். மட்டமானதுன்னா மீசை வச்சவனையெல்லாம் இழுத்துட்டு வந்து நிறுத்தும்.”

டெல்பின் ஆன்றோவின் படம் ஒன்றை அவருக்கு அனுப்பினாள். ஏர்போர்ட் வாசலில் எடுத்தது. “அவிய போய் ரெண்டு வருஷமாச்சு. இதைப் போட்டுப் பாருங்க.”

முதல் ரெக்கார்டர் தேடியது. திரையில் ஐஸ் லாரி டிரைவர் ஒருவர் வந்தார். அடுத்து, குனிந்து ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த தேவபிரசாதமே வந்தார்.

“பாத்தியா லட்சணத்தை! மாப்பிள்ளைக்கும் எனக்கும் மீசை ஒத்துப்போகுதாம். தொப்பை ஒத்துப்போகலையேன்னு கொஞ்சமாவது யோசிச்சுதா?”

டெல்பின் சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு அவளே கூச்சப்பட்டதுபோல வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இப்ப இதைப் பாரு. இல்லைன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிரும்.”

இரண்டாவது ரெக்கார்டர் சற்று நேரம் தேடியது. பிறகு ‘பீப்’ என்று ஒலி எழுப்பி, ஒரு முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டது.

தேவபிரசாதத்துக்கு முகம் தொங்கிப்போனது. “சே! இவ்வளவு விலை குடுத்து எடுத்த மெஷினும் பொய் சொல்லுதே! பழைய பதிவு கூட இல்ல. இந்தா, இப்ப எதிர்ச்சாரி டீக்கடையில நிக்கவனைக் காட்டுது. இரும்மா, அந்தக் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேக்கேன்...”

டெல்பின் எழுந்து குனிந்து பார்த்தாள். திரையில், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவன், கிளாஸை வைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தான்.

அவள் கையில் இருந்த போன் அடித்தது.

“ஏளா, பெட்டி வாங்கியாச்சா?” என்றான் ஆன்றோ. “வீட்டுல அதை எங்கன வைக்கப் போற?”