பழைய சிஸ்டமே போதும்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. என் பல்செட்டின் மேல் சத்தியம்.

அலுவலக லேப்டாப்புக்குப் புது சிஸ்டம் போடலாமா வேண்டாமா என்று மேனேஜர் முடிவு சொல்ல வேண்டும். மெக்கானிக் வந்து காத்திருந்தார்.

"வேண்டாம் சார், பழசு நல்லாத்தானே ஓடுது?" என்றார் கிளார்க் அம்மா.

"என்னத்த ஓடுது? அணைச்சுப் போட்டா தேதி அஞ்சு வருஷம் பின்னாடி போய் நிக்குது!"

"சுவத்துல காலண்டர் இருக்கே சார்."

மேனேஜருக்குச் சந்தேகம் தட்டியது. ஊழியர் விவரம் மொத்தமும் அதில்தான் இருக்கிறது.

"என்னத்தையோ மறைக்கறீங்க. லீவுக் கணக்குல கை வெச்சிட்டீங்களா?"

"ஐயோ, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதை நான் பாத்துக்கறேன். போடுப்பா!"

ஒரு மணி நேரத்தில் லேப்டாப் புதிதாக விழித்தது. தேதி தானாகச் சரியானது. மேனேஜர் ஊழியர் பட்டியலைத் திறந்தார். ஒரே ஒரு வரி சிவப்பாக எரிந்தது: 'வயது அறுபத்திரண்டு. ஓய்வு பெற்று இரண்டு ஆண்டு.'

"எந்தத் திருட்டுப்பய இது?" என்று பெயரைப் படித்தார்.

அவருடைய பெயரேதான்.

"எனக்கு... ஐம்பத்தேழு இல்லையா?"

"லேப்டாப் சொன்னதை நீங்க நம்பினீங்க. நான் ஏன் சார் கெடுக்கணும்? அடுத்து வர்றவர் எப்படிப்பட்டவரோ!" என்றார் கிளார்க் அம்மா.

மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக் பக்கம் திரும்பினார். "தம்பி, பழசையே திரும்பப் போட முடியுமா?"

மேனேஜருக்கு இந்த ஆண்டும் வயது ஐம்பத்தேழு.