சாட்சி இல்லாத வழக்கு

“பொண்ணை ஒழுங்கா வளர்க்கத் தெரியலை, நியாயம் கேக்க மட்டும் தெரியுதா?” ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார் போலீஸ் கேப்டன் செய்த்பெக். எதிரே நின்ற அனார்குல்லை அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

பெஞ்சின் கோடியில், கம்பளிக் கோட்டைக் கழற்றாமல் ஒடுங்கியிருந்தாள் பெர்மெட். பத்தொன்பது வயது. இந்த அறைக்கு அவள் வருவது நான்காவது தடவை. ஒவ்வொரு தடவையும் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சொல்லும்போதெல்லாம் வேலை இல்லாத யாராவது ஒருவர் உள்ளே வந்து நின்று கேட்டார். மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பப் பதினோரு நாள் ஆக்கிவிட்டு, தடயம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

“அங்க பாருங்க, உங்க மூஞ்சியைப் பாக்கவே அவளுக்குக் கூசுது” என்றார் செய்த்பெக்.

அனார்குல் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் பஸ்ஸிலும் பெர்மெட் அவளுக்கு நாலு சீட் தள்ளித்தான் உட்கார்ந்தாள்.

“கேஸை மறுபடி திறக்கணும் சார்.”

“எதுக்கு? எர்மெக் பள்ளிக்கூட வாத்தியார். மரியாதையான குடும்பம். அவன் சித்தப்பா ஒரு ஆட்டை ஓட்டிக்கிட்டு சமாதானம் பேச வந்தாரே, அவரை எதுக்கு விரட்டினீங்க?”

“விரட்டினது சரிதான்.”

“திமிரைப் பாரு. அந்தப் பையனைப் பெத்தவளை ஒரு நிமிஷமாவது நினைச்சுப் பாத்தீங்களா?”

“மூணு மாசமா அதை மட்டும்தான் நினைக்கறேன்.”

செய்த்பெக் ஃபைலை மூடி ஓரமாகத் தள்ளினார். “சாட்சி இல்லை. அரசு வக்கீலும் கையெழுத்துப் போட்டாச்சு. கிளம்புங்க.”

“சாட்சி இருந்தா?”

கொறித்துக்கொண்டிருந்த சூரியகாந்தி விதையின் தோலை உள்ளங்கையில் துப்பினார் அவர். “யாரு?”

அனார்குல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்தான். அடுத்த அறையில இருந்தேன். இவ கத்தினது நல்லாவே கேட்டுச்சு. போய்க் கதவைத் தட்டலை. ரேடியோ சத்தத்தைக் கூட்டி வெச்சேன். அப்படியே எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்.”

பெர்மெட் அன்று முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள்.

செய்த்பெக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்மா. நடந்ததாச் சொல்றது எர்மெக் வீட்டுல. அந்த வீட்டுக்குள்ள உங்களுக்கு என்ன வேலை?”

“அது என் வீடு சார். எர்மெக் என் மகன்.”