பின் சீட்

"முன்னாடி சஸ்பென்ஷன்ல மறுபடியும் ஆயில் ஒழுவுது மேடம்," என்றான் ரஞ்சித்குமார்.

கேளம்பாக்கம் சர்வீஸ் சென்டரின் கவுன்ட்டரில் இருந்த ஜெயப்பிரியா வாசலில் நின்ற பைக்கை எட்டிப் பார்த்தாள். சக்கரமெல்லாம் மணல்.

"சதுரங்கப்பட்டினம் பீச்ல ஓட்டினீங்களா சார்? மணல்ல ஓட்டினா வாரன்ட்டி கிடையாது."

"மணல்ல ஓட்டத்தான் இந்த வண்டின்னு சொல்லித்தானே வித்தீங்க?"

"அது விளம்பரம் சார்."

"பள்ளத்துல எறங்குனா பின்னாடி உக்கார்றவங்க இடுப்பு காலி மேடம். மாத்திக் குடுங்க."

"வண்டி நல்லாத்தான் சார் இருக்கு. ஓட்ட ஓட்டப் பழகிடும். வேற யாருமே கம்ப்ளெயின்ட் பண்ணலையே."

புகாரோடு வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள்.

சாயங்காலம் ஷட்டர் இறங்கியது. வாசலில் காத்திருந்த ரஞ்சித்குமார், வெளியே வந்த ஜெயப்பிரியாவிடம் ஹெல்மெட்டை நீட்டினான்.

"ஏறு, வூட்டுக்குப் போலாம்."

"நீ போ. நான் ஷேர் ஆட்டோல வந்துக்கிறேன்."

"இன்னாடி இது? வூட்ல சொன்னா கவுன்ட்டருக்கு வான்ற. கவுன்ட்டருக்கு வந்தா வண்டி நல்லாகீதுன்ற."

ஜெயப்பிரியா கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"அது கஸ்டமருக்கு. பொண்டாட்டி இடுப்புக்கு எவன்யா வாரன்ட்டி குடுப்பான்?"